நாற்பதாவது வரியில் கேட்ட குரல்

பேய், ஆவி, அசரீரி எதையும் நான் நம்பியதில்லை. இதை எழுதி முடித்த பிறகும் நம்பப் போவதில்லை. பிறகு எதற்கு எழுதுகிறாய் என்று கேட்பீர்கள். நடந்தது நடந்தது, அதற்காகத்தான். எந்தக் கிழமை, எத்தனை மணி, யார் என்ன சொன்னார் என்று பதினோரு வருடமாக நாள் தவறாமல் குறிப்பு எழுதுகிறவள் நான். அந்த நாளின் பக்கமும் இருக்கிறது. சந்தேகம் இருந்தால் கொண்டாப்பூரில் என் வீட்டுக்கு வந்து பாருங்கள், காபி தருகிறேன். சிரிப்பதாக இருந்தால் படித்துவிட்டுச் சிரியுங்கள்.

எங்கள் நிறுவனம் டயாலிசிஸ் மையங்களுக்கு மென்பொருள் செய்து தருகிறது. எந்த நோயாளி, எந்தப் படுக்கை, காலையா சாயங்காலமா, என்ன மருந்து, எல்லாம் அதில்தான். யாரும் இப்போது தொடாத ஒரு பழைய ஃப்ரேம்வொர்க்கில், மென்பொருளைக் கட்டும் சட்டகத்தில், எழுதப்பட்டு, வாடகை சர்வர் ஒன்றில் அது பல வருடம் ஓடிக்கொண்டிருந்தது. திரைகளை எல்லாம் புதிய ஃப்ரேம்வொர்க்கில் நான் திரும்ப எழுதினேன். மிச்சம் இருந்தது, தகவல்களைக் கிளவுடுக்கு மாற்றி, பழைய டிஸ்கை அழித்து, சர்வரைத் திருப்பிக் கொடுப்பது. மையங்களுக்கு ஞாயிறு விடுமுறை என்பதால் ஞாயிறு பகலில் வைத்துக்கொண்டோம். நல்ல வெயில். கீழே பிள்ளைகள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். இருட்டு, மழை, நாய் ஊளை ஒன்றும் கிடையாது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்று பேர், அவரவர் வீட்டிலிருந்து, ஒரே அழைப்பில். எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. செய்ய வேண்டியதை எல்லாம் வரி வரியாக எழுதி வைத்திருப்போம், அன்றைக்கு ஐம்பத்திரண்டு வரி. நான் ஒரு வரியை உரக்கப் படிப்பேன். இம்தியாஸ் கட்டளையைத் தட்டிவிட்டு அதே வரியைத் திரும்பச் சொல்வார். மேலாளர் பாஸ்கர் சார் "போடு" என்பார். அதற்குப் பிறகுதான் என்டர்.

"கல்பனா, ஐயர் சங்கல்பம் சொல்ற மாதிரி இழுக்காதம்மா. இம்தியாஸுக்குப் பசிக்குதாம்" என்றார் பாஸ்கர் சார். இந்தத் தெலுங்கு ஊரிலேயே, லோத்குண்டாவில், பிறந்து வளர்ந்த தமிழர் அவர்.

"ஹவ் மேடம், பிரியாணி ஆறிப்போகுது" என்றார் இம்தியாஸ், எங்களிடம் கற்ற தமிழில். 'ஆமாம்' மட்டும் அவருடைய ஊர் உருதுவில் 'ஹவ்'தான்.

மணி இரண்டு பதினேழுக்கு நாற்பதாவது வரிக்கு வந்தோம். பழைய டிஸ்கை அழிப்பது. நான் படித்தேன், இம்தியாஸ் திரும்பச் சொன்னார். "போடு" வர வேண்டிய இடத்தில், நீங்கள் நம்பினாலும் சரி நம்பாவிட்டாலும் சரி, ஒரு பெண் குரல், நாள் முழுக்க நின்று வேலை பார்த்த அலுப்போடு, தெளிவான தமிழில் கேட்டது: "மூணாம் பெட்டுல சாயங்காலம் யாரும்மா?"

ஏதோ ஒரு மையத்து நர்ஸ் அழைப்பில் நுழைந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். எரிச்சல் வந்தது, பயம் வரவில்லை. "ஒரு நிமிஷம் சிஸ்டர், பாத்துச் சொல்றேன்" என்று சொல்லிப் புதிய திரையைத் திறந்தேன். பட்டியலில் முதலில் இருந்தது மல்காஜ்கிரி மையம். ஞாயிறு விடுமுறை, மறுநாளைத்தான் கேட்கிறார் என்று திங்கள் சாயங்காலம், மூன்றாம் படுக்கையைப் பார்த்தேன். பெயர் வந்தது, வயது வந்தது. டாக்டர் கையால் எழுதிய குறிப்பின் படம் வர வேண்டிய இடத்தில் ஒரு சாம்பல் நிறக் கட்டம். அடுத்த நோயாளிக்கும் அதே கட்டம். அதற்கடுத்தவருக்கும்.

"இம்தியாஸ், என்டர் அடிக்காதீங்க! கைய எடுங்க!" என்று கத்தினேன்.

தவறு என்னுடையது, அதில் ஒளிக்க ஒன்றும் இல்லை. பழைய மென்பொருள் எழுத்துகளை ஓரிடத்திலும் படங்களை அதே சர்வரில் தனி ஃபோல்டரிலும் வைத்திருந்தது. படங்கள் வந்து சேர்ந்தனவா என்று நான் எண்ணிப் பார்த்து டிக் போட்டிருந்தேன். ஆனால் என் திரையில் கட்டளை தட்டும் கறுப்பு ஜன்னல்கள் இரண்டு, ஒரே மாதிரி, ஒன்று சோதனை சர்வர், ஒன்று நிஜம். நான் எண்ணியது சோதனை சர்வரில், ஒத்திகைக்காக முன்பே படங்களை ஏற்றியிருந்த இடத்தில். காப்பு நகலும் என் பட்டியலைப் பார்த்தே எடுத்தது, பட்டியலில் அந்த ஃபோல்டர் விட்டுப்போயிருந்ததால் அதிலும் படங்கள் இல்லை. புதிய ஃப்ரேம்வொர்க்கோ படம் கிடைக்காவிட்டால் அலறாது, நான் சொல்லிக்கொடுத்தபடி அழகான கட்டம் ஒன்றைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடும்.

அன்று இரவுக்குள் எல்லாப் படங்களையும் மாற்றி முடித்தோம். மூன்றாம் படுக்கைக்காரரின் படத்தைப் பார்த்தேன். ரத்தம் உறையாமலிருக்க டயாலிசிஸில் கொடுக்கும் ஊசி இவருக்கு ஆகாது, கொடுக்கவே கூடாது என்று டாக்டர் எழுதி இரண்டு கோடு இழுத்திருந்தார். அது வேறெங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை.

"சரி, அந்த சிஸ்டர் யாரு?" என்று அப்போதுதான் கேட்டேன்.

"எந்த சிஸ்டர், மேடம்?" என்றார் இம்தியாஸ். பாஸ்கர் சார், நேரமாகிவிட்டது என்று அழைப்பை முடித்துவிட்டார்.

அழைப்பில் மூன்று பெயர்கள்தான். பேசியது முழுக்கப் பதிவாகியிருந்தது, அந்த ஒலிப்பதிவைக் கேட்டேன். நாற்பதாவது வரி, இம்தியாஸின் குரல், பிறகு ஆறு நொடி கீழே பிள்ளைகள் கத்துகிற சத்தம், பிறகு நான்: "ஒரு நிமிஷம் சிஸ்டர்." கேள்வி இல்லை, என் பதில் மட்டும் இருந்தது. உள்மனம் கண்டுகொண்ட தவறைக் குரலாகச் சொல்லும் என்று நானும் படித்திருக்கிறேன். அப்படியே இருக்கட்டும். அத்தனை கெட்டிக்கார மனம், தப்பான ஜன்னலில் எண்ணியபோது ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தது?

மறுநாள் அறிக்கை எழுதும்போதுதான் சண்டை.

"'இறுதிச் சரிபார்ப்பில் கண்டறியப்பட்டது'ன்னு எழுதும்மா. குரல் கிரல் எல்லாம் நக்கோ, வேண்டாம். கஸ்டமர் படிப்பாங்க" என்றார் பாஸ்கர் சார்.

"சரிபார்ப்புல நான் கோட்டை விட்டேன் சார். அதை எப்படி மாத்தி எழுதறது?"

"பைத்தியம்னு சொல்வாங்க."

"சொல்லட்டும். பொய்க்காரின்னு சொல்ல முடியாதில்ல?"

"அப்ப அடுத்த சர்வர் மாற்றத்தை உன்கிட்ட கொடுக்க முடியாது, கல்பனா. யோசிச்சுக்கோ."

அந்தப் பொறுப்புக்காக இரண்டு வருடம் உழைத்திருந்தேன். யோசித்தேன். பிறகு எழுதினேன்: 'தவறான சர்வரில் எண்ணியது நான். யாரென்று தெரியாத ஒரு பெண் குரல் கேட்ட கேள்விக்குப் பதில் தேடியபோது தவறு தெரியவந்தது.' ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. பொறுப்பு இம்தியாஸுக்குப் போனது. போகட்டும்.

மூன்று வாரம் கழித்து, அலுவலக வண்டி நிறுத்தத்தில் பாஸ்கர் சார் என்னைக் கூப்பிட்டு நிறுத்தினார்.

"எனக்கும் கேட்டுதும்மா" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். "முப்பத்தொண்ணாவது வரியில. தெலுங்குல. ஏழாம் பெட்டுல யாருன்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"யாரோ மைக்கை மூடாம விட்டிருக்காங்கன்னு 'போடு'ன்னுட்டேன்."

அன்று வீட்டுக்கு வந்து ஒலிப்பதிவை முதலிலிருந்து கேட்டேன், கையில் கடிகாரத்தோடு. எல்லா வரிகளிலும் பதில் ஒரு நொடி இரண்டு நொடிக்குள் வந்துவிடுகிறது. முப்பத்தொன்றாம் வரியில், அவருடைய "போடு"வுக்கு முன்னால், ஆறு நொடி. நாற்பதில் என்னுடைய ஆறு நொடி. நடுவில், முப்பத்தாறாம் வரியில், நான் படித்து முடித்ததற்கும் இம்தியாஸ் அவசர அவசரமாகத் திரும்பச் சொன்னதற்கும் இடையில், அதே ஆறு நொடி.

இம்தியாஸிடம் நான் இன்னும் கேட்கவில்லை. தினமும் எதிர் மேசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். முதலில் பாஸ்கர் சார், பிறகு இம்தியாஸ், பிறகு நான். எனக்குப் பிறகு கேட்க, அன்றைய அழைப்பில் நான்காவது ஆள் கிடையாது.