தேசம்மா திருப்பிக் கொண்டுவந்த ஐஸ் பெட்டி

"யாருமே பேசாத பிளாக்கை எதுக்கும்மா நடத்தணும்? மூணு மாசம் பாக்கறேன். கமெண்ட் வரலைன்னா மூடிட்டு சென்னை ஆபீசுக்கு வந்துடுங்க."

மேனேஜர் போனில் இப்படிச் சொன்னபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பழவேற்காட்டில் நண்டும் இறாலும் வாங்கும் கம்பெனியில் எனக்கு வேலை. காற்று, முகத்துவாரத்து நிலவரம், சந்தை விலை எல்லாவற்றையும் தினமும் பிளாக்கில் எழுதுவேன். குப்பத்து ஜனங்கள் படிப்பார்கள், பேச மாட்டார்கள். கமெண்ட் வாங்குவது கல்லில் நார் உரிக்கிற வேலை. அதற்காக, பிறந்த ஊர் வேலையை விட்டு, இந்த முட்டிவலியோடு தினமும் பொன்னேரி போய் ரயில் ஏற என்னால் ஆகுமா?

மேனேஜரே ஒரு வழி சொன்னார். மாதா மாதம் அதிகமாகக் கமெண்ட் போடுகிறவருக்கு ஒரு ஐஸ் பெட்டி. மீன் விற்கிறவர்களுக்கு அது சின்னப் பொருள் இல்லை. முதல் மாதம் "சூப்பர்", "குட் மார்னிங்", ரோஜாப்பூ என்று வந்து குவிந்தது. அதற்கு நடுவில் உருப்படியாக எழுதியவள், ஏரிக்கு அக்கரையில் இருக்கும் பசியாவரத்துத் தேசம்மா. நண்டு விற்கிறவள். வாயால் சொல்லி, போனையே எழுத வைத்துக் கமெண்ட் போடுவாள். "முகத்துவாரத்துல மண்ணு ஏறிக்கீது, போட்டை பாத்து உடுங்க" என்று அவள் போட்டால் அன்றைக்கு நான் எழுதியதை எவரும் சீந்த மாட்டார்கள். பொறாமையாகத்தான் இருக்கும். ஆனால் ரசித்துப் படிப்பேன்.

முதல் பெட்டி அவளுக்குப் போனது. இரண்டாவதும் அவளுக்கே. மூன்றாம் மாதம் பிளாக் அடங்கிப்போனது. எப்படியும் பசியாவரத்துக்குத்தானே போகும், நாம் எதற்கு விரல் தேய வேண்டும் என்று சந்தையில் என் காதுபடவே பேசினார்கள். தேசம்மா மட்டும் விடாமல் எழுதினாள். ஒருத்தர் மட்டும் பேசினால் அதற்குப் பேர் டைரி என்று மேனேஜர் நக்கலடித்தார். இனி தினமும் பொன்னேரி ரயில்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் தேசம்மா படகேறி ஆபீசுக்கே வந்தாள். இரண்டாவது பெட்டியை, சுற்றிய பிளாஸ்டிக் கூடப் பிரிக்காமல், என் மேசைமேல் வைத்தாள்.

"எக்கா, ஏரியில நேத்து பாடு எடுத்தவன் இன்னிக்கும் எடுப்பானா? ஒதுங்கி நிக்கறான்ல? உன் பெட்டி மட்டும் இன்னா, எங்கூட்டுக்கே வந்துகினு கீது?"

எங்கள் ஏரியில் நல்ல இடத்தில் இன்று ஒரு கூட்டம் வலை கட்டினால் நாளை அடுத்த கூட்டம். பாடு என்பது அந்த முறைதான். தலைமுறை தலைமுறையாக நடப்பது. பிளாக்குக்கும் அதையே வைக்கச் சொன்னாள். அடிக்கடி எழுதுகிற எல்லோருக்கும் முறை உண்டு. வாங்கியவர், மற்றவர்கள் வாங்கி முடிக்கும் வரை ஒதுங்கி நிற்க வேண்டும்.

அப்படியானால் நீ எழுதுவாயா, பெட்டிதான் கிடைக்காதே என்று கேட்டேன். அவளும் நிறுத்திவிட்டால் மிச்சமிருப்பது ரோஜாப்பூதான் என்ற பயம் எனக்கு.

"பாடு இல்லாத அன்னிக்கு ஏரியை பாக்காம இருப்பமா?" என்றாள்.

புது முறையை அன்றே பிளாக்கில் போட்டேன். அவள் கொண்டுவந்த பெட்டிதான் முதல் பரிசு. மெல்ல மெல்ல மற்ற குப்பங்களும் எழுத ஆரம்பித்தன. பரிசில் பங்கில்லாத தேசம்மாவும் காலை தவறாமல் எழுதினாள். என்ன மனசு அவளுக்கு!

மாதக் கடைசியில் ஒருநாள் மேனேஜர் அழைத்தார். பிளாக் திணறுகிற அளவுக்குக் கமெண்ட் வந்திருக்கிறதே, இன்றைக்கு என்ன பரிசு அறிவித்தீர்கள் என்று கேட்டார்.

"பரிசு ஒண்ணும் இல்ல சார். ரெண்டு நாளா ஒருத்தி எழுதலை. எங்க காணோம்னு தேடறாங்க."

அதன்பிறகு அவர் சென்னைப் பேச்சை எடுக்கவே இல்லை.

மறுநாள் தேசம்மா எழுதினாள்: "காச்சல். இப்ப தேவலை. காத்து ஜாஸ்தியா கீது, கரையோரமாவே வாங்க."

புதிதாக இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். பரிசு கொடுங்கள், தப்பில்லை. நாலு பேரை அது கூட்டி வரும். அந்த நாலு பேரில் ஒருவர் வராத நாளில் மற்ற மூவரும் தேடுகிறார்களா என்று பாருங்கள். தேடினால் உங்கள் பிளாக் பிழைத்துக்கொள்ளும்.