உப்பில் விட்ட இடைவெளி

"…எல்லாத்தையும் பாருங்க, ஆனா அந்த இடைவெளிய மட்டும் அடைச்சிராதீங்க டீச்சர், அண்டைக்கு மாதிரி."

நஸ்ரின் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்கு உள்ளங்கால் குளிர்ந்துவிட்டது. என்னிடம் ஆறாம் வகுப்புப் படித்த பிள்ளை. இப்போது கற்பிட்டிப் பக்கத்துப் பள்ளிக்கூடமொன்றில் அவளே டீச்சர். தன் வகுப்பைப் பார்க்கக் கூப்பிட்டாளே என்று ஆசையோடு போனால், டைல் தரை முழுக்க உப்புக் கோடுகள். ஈர உப்பின் வாசம். அண்டைக்கு மாதிரி என்கிறாள். அப்படியானால் இவளுக்குத் தெரியும். இத்தனை வருசமும் மறந்திருப்பாள் என்றல்லவா நான் என்னைத் தேற்றிக்கொண்டிருந்தேன்.

எங்கள் பள்ளிக்கூட மண்டபம் சீமெந்துத் தரையோடு இருந்த காலம் அது. நான் தொண்டர் ஆசிரியை. நிரந்தர நியமனம் இன்று வரும், நாளை வரும் என்று இருந்தவள். படிப்பு ஏ.எல். பரீட்சை வரைதான். மிச்சமெல்லாம் நாலு பேரோடு கதைத்துக் கதைத்துப் பிடித்தது. வாய் ஓய்ந்தால் பேசுவதற்கு அலுமாரிக்குப் பின்னால் ஒரு பிரம்பும் வைத்திருந்தேன். உங்களிடம் மறைத்து என்ன.

கொழும்பிலிருந்து ஒரு இளம்பெண் வந்தாள். ஓவியக்காரி என்றார்கள், தூரிகையும் இல்லை, வர்ணமும் இல்லை. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் எப்படி இருக்கிறது என்று ஆராய்ச்சி செய்கிறாளாம். "அப்ப கேள்வித்தாளத் தாங்களேன், நிரப்பித் தாறோம்" என்றேன்.

"கேள்வித்தாள்ல பிள்ளைகள் உங்களுக்குப் பிடிச்ச மறுமொழியத்தான் எழுதும் டீச்சர்."

நல்லாச் சொன்னாள் என்று நாலு பேரிடம் நானே சொல்லித் திரிந்தேன். குத்தியது பிறகுதான்.

அவள் கேட்டது இரண்டு மூட்டை உப்பு. வீட்டிலிருந்து வகுப்புக்கு வருகிற வழியை ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் மண்டபத் தரையில் உப்பால் கோடு போடவேண்டும். பயமான இடம் வந்தால் உப்புப் போடாமல் வெறுமனே விடவேண்டும். அடுத்த நாள் பார்த்துக் குறிப்பெடுத்துவிட்டு எல்லாவற்றையும் கூட்டி அள்ளிவிடுவாளாம். கூட்டி அள்ளவா இவ்வளவு பெரிய கலை என்று சிரித்தோம். அதிபர் சிரிக்கவில்லை. தலையைச் சுற்றி உப்புப் போட்டுக் கண்ணூறு கழிக்கிற ஊரல்லவா. "சூனியம் எண்டு உம்மாமார் வந்து நிண்டா நான் பொறுப்பில்ல" என்றார். உப்பளத்து வேலைக்காரரின் பிள்ளைகள் வேறு, உப்பை மிதிக்கவே மாட்டார்கள். நுனிக்காலில் கொக்குகள் மாதிரித் தாண்டித் தாண்டிப் போட்டார்கள்.

மூடாத கிணற்றடியில் ஒரு இடைவெளி. லொறி வருகிற வளைவில் ஒன்று. கடி நாய் வீட்டுக்கு முன்னால் மூன்று. ரசித்துக்கொண்டே போனவள் முடிவில் நின்றுவிட்டேன். என் வகுப்பு வாசலென்று சோக்குக்கட்டியால் கீறிய கட்டத்துக்கு ஒரு முழம் முன்னால் எல்லாக் கோடுகளும் அறுந்திருந்தன. ஒன்றுகூட உள்ளே வரவில்லை.

விடிந்தால் கல்விப் பணிப்பாளர் வருகிறார். என் நியமனத்துக்கு அவர் கையெழுத்துத்தான் விழவேண்டும்.

பின்னேரம் அசருக்குப் பாங்கு சொல்கிற நேரம், எல்லோரும் போனபிறகு மண்டபத்துக்குள் நுழைந்தேன். மூட்டையில் மிஞ்சியதை அள்ளி வாசலடி இடைவெளியில் கொட்டினேன். எங்கேயோ கதவு அடித்தது. குனிந்து சரிசெய்யப் பயந்து, செருப்புக்காலாலேயே தள்ளி மட்டப்படுத்திவிட்டு ஓடிவந்தேன்.

நஸ்ரினின் உம்மா உப்பளத்தில் உப்பு வாருகிறவ. ஒருநாள் சொல்லியிருந்தா: "காஞ்ச உப்பு சொல் கேக்கும் டீச்சர், ஈரம் பட்டிச்செண்டா பட்டதப் புடிச்சு வெச்சுக்கும்." எனக்கு அது ஞாபகம் வரவில்லை. இரவெல்லாம் கடற்காற்று. காலையில் பார்த்தால் என் செருப்பின் அடியில் இருந்த பூ, இதழ் இதழாக உப்பில் பதிந்து கிடக்கிறது.

"பயமில்லாம வகுப்புக்குள்ள போகுதுகள்" என்று பணிப்பாளர் சந்தோசப்பட்டார். ஓவியக்காரி அதைக் கொப்பியில் எழுதினாள். நஸ்ரின் மட்டும் அந்தப் பூவைப் பார்த்தாள். பிறகு என் காலைப் பார்த்தாள். நான் காலைச் சாரிக்குள் இழுத்துக்கொண்டேன்.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாததுதான் பெரிய பயம். வகுப்பில் அவள் கை உயர்த்தினால் நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்வேன். நியமனம் வந்தது. பிரம்பை முறித்து அடுப்பில் வைத்தேன். திருந்தி அல்ல, பயத்தில். அந்தக் கொழும்புப் பெண்ணின் ஆராய்ச்சியில் எங்கேயோ, பயமில்லாத வகுப்பென்று என் வகுப்பு இன்னும் இருக்கும்.

அந்த மண்டபத்தை இடித்துவிட்டார்கள். உப்பளத்து வாய்க்காலை மூடி வீடுகள் கட்டியாயிற்று. பள்ளிக்கூடங்களில் பிரம்பும் இல்லை. ஆனால் நஸ்ரினின் பளபளத்த தரையிலும் கோடுகள் எல்லாம் அவளுடைய மேசைக்கு முன்னால் அறுந்துதான் கிடந்தன.

"பிரம்புதான் இல்லையே மகள், புறகென்ன?"

"பிழையா எழுதின கொப்பிகள அந்த மேசையடியில நிண்டு சத்தமா வாசிப்பேன் டீச்சர். மத்தப் புள்ளைகள் சிரிக்கும். பகிடியெண்டுதான் நெனச்சிருந்தேன்." சிரிப்புப் போய்விட்டது அவள் முகத்திலிருந்து. "நாளைக்குப் பணிப்பாளர் வாறார்."

"பயமில்லையா?"

"ஓம், பயம்தான்."

செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். கோடுகளுக்கிடையே நுனிக்காலில் போனாள். மேசையை அங்கிருந்து எடுத்துவிட ஒரு பக்கத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மற்றப் பக்கத்துக்கு நான் வருவேனா என்று என்னைப் பார்த்தாள்.