ஆண் நண்டின் கள்ளச் சினை

1. கழுத்தில் தொங்கிய அட்டை

ஆண் நண்டு முட்டை சுமக்காது. இதைப் பல்கலைக்கழகத்தில் படித்தேன், பரீட்சையில் எழுதினேன், நல்ல புள்ளியும் வாங்கினேன். பிறகு வேலைக்கு வந்து, ஆறு மாதம் ஒழுங்காகச் சம்பளம் எடுத்துக்கொண்டு, முட்டை சுமந்த ஆண் நண்டுகளைப் படம் பிடித்து, போம் என்கிற படிவத்தில் குறித்து, கடலுக்கு வழியனுப்பிவைத்தேன். இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக அந்தக் கதையை எழுதுகிறேன். சிரித்துக்கொண்டு வாசியுங்கள். சிரிக்காதவர்கள்தான் இதே பிழையைச் செய்வார்கள்.

என் ஊர் கனமூலை. வாப்பா வெங்காயமும் மிளகாயும் பயிர் செய்கிறவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். பட்டம் வாங்கிய ஒரே ஆளும் நான். இதைச் சொல்ல எனக்கு எந்தக் கூச்சமும் கிடையாது. நண்டு ஆய்வுத் திட்டம் ஒன்றில் கள உதவியாளராகச் சேர்ந்தபோது தந்த அடையாள அட்டையை முதல் வாரம் முழுக்க வீட்டுக்குள்ளும் போட்டுக்கொண்டு திரிந்தேன்.

“தூங்கக்குள்ளயாவது கழட்டுவியா மகள்?” என்று உம்மா கேட்டார்.

கற்பிட்டிப் பக்கம், கடல்நீர் ஏரியான களப்பின் ஓரமாக ஒரு சின்னத் துறையில் எனக்கு வேலை. காலையில் வள்ளங்கள் வரும். பெண்கள் வலையை விரித்து வைத்துக்கொண்டு, சிக்கிய நண்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றுவார்கள். நான் வேர்னியரால் ஓட்டின் அகலத்தை அளந்து, நிறுத்து, நண்டைப் புரட்டி வயிற்றைப் படம் பிடித்து, போமை நிரப்ப வேண்டும். வயிற்று மூடிக்குக் கீழே மஞ்சளாகத் திரண்டிருந்தால் அது சினை நண்டு. சினை நண்டைத் திரும்பக் கடலில் விட வேண்டும் என்பது துறைச் சங்கம் திட்டத்துக்குக் கொடுத்த வாக்கு. ஏன் விட வேண்டும் என்று முதல் நாளே பலகையில் படம் ஒட்டி அரை மணித்தியாலம் விளக்கியவள் நான்தான்.

ஒரு விஷயத்தை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் நண்டு சமைப்பதில்லை. அது தின்னக் கூடாத சாமான் என்றே வளர்ந்தோம். லேப்பில் நான் பார்த்த நண்டுகளெல்லாம் போத்தலுக்குள் மருந்தில் ஊறியவை. ஆணும் பெண்ணும் ஒரே பழுப்பு நிறம். உயிருள்ள நண்டைக் கையில் பிடித்ததே அந்தத் துறையில்தான்.

வலையில் நண்டு கழற்றுகிற பெண்களுக்கெல்லாம் வாய், ஜெசிந்தா அக்கா. என் விளக்கவுரை முடிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி இது.

“மிஸ், நண்டு தின்னுவீங்களா?”

“இல்ல அக்கா.”

“ஒரு நாளும்?”

“ஒரு நாளும் இல்ல.”

அவர் மற்றப் பெண்கள் பக்கம் திரும்பினார். “கேட்டீங்களாடி? தின்னாத ஆள்தான் நமக்குப் பாடம் எடுத்திருக்கு.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அது பகிடி என்று நினைத்தேன். அது பகிடி இல்லை, துறை முழுவதற்கும் கொடுக்கப்பட்ட தகவல்.

2. சொன்ன சொல் கேட்கும் துறை

துறைச் சங்கத் தலைவர் ராசிக் நானா. காலையில் நான் கதிரையைப் போட்டு உட்கார்ந்ததும், சிவப்பு பிளாஸ்ரிக் பேசினோடு வந்து நிற்பார்.

“இந்தா மிஸ், சினை நண்டு. பாவம், புள்ளத்தாச்சி. விட்டுரவா?”

“விடுங்க நானா.”

நான் படம் பிடிப்பேன், அளப்பேன், போமில் சரி போடுவேன். அவர் பிஸ்மில்லாஹ் சொல்லித் தண்ணீரில் விடுவார். பார்க்க மனதுக்கு நிறைவாக இருக்கும்.

போமில் முதல் கட்டம் ஆணா பெண்ணா. அடுத்த கட்டம் சினை உண்டா இல்லையா. மஞ்சளைக் கண்டதும் நான் இரண்டாவது கட்டத்தை முதலில் நிரப்பிவிட்டு, முதலாவதில் நண்டைப் பார்க்காமலே ‘பெண்’ என்று எழுதிவிடுவேன். சினை என்றால் பெண்தானே. அரை நிமிடம் மிச்சம்.

மாதத்துக்கு மாதம் என் துறையில் விடப்பட்ட சினை நண்டுகள் கூடிக்கொண்டே போயின. திட்டத்துக்குப் பொறுப்பான சேர் போனில் கோல் எடுத்தார். அவர் ஆட்டின் குடல் புழுக்களைப் பற்றி ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் வாங்கியவர். எளிதில் பாராட்டமாட்டார்.

“நஸ்ரியா, எல்லாத் துறையிலயும் உங்கட துறைதான் முன்னுக்கு. மாசக் கடைசில நேர வந்து பாக்கிறன். உங்கட கொன்ட்ரெக்டப் பத்தியும் அண்டைக்கே முடிவெடுப்பம்.”

ஆறு மாதக் கொன்ட்ரெக்ட் முடியும் நேரம். நீட்டிப்பதும் நிறுத்துவதும் அவர் கையில். அன்றைக்கு வீட்டில் அட்டையைத் திரும்பவும் போட்டுக்கொண்டேன்.

3. சிவப்பு பேசின்

அதற்கு அடுத்த வாரம் ஒரு நாள், வழக்கமான பஸ்ஸுக்கு முந்திய பஸ் கிடைத்தது. யாரும் எதிர்பாராத நேரத்தில் துறைக்குள் நுழைந்தேன்.

ஜெசிந்தா அக்கா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இடது கையில் நண்டு, வலது கையில் தேக்கரண்டி. செம்மஞ்சள் முட்டைத் திரளைக் கரண்டியால் வழித்து எடுத்துவிட்டு, சினை இல்லாததுபோல் ஆக்கி, நண்டை வாங்குகிறவரின் பெட்டிக்குள் போட்டார். அடுத்த நண்டும் மஞ்சள்தான். அதை வழிக்கவில்லை. சிவப்பு பேசினுக்குள் போட்டார். பிறகு திரும்பிப் பாராமலே குரல் கொடுத்தார்.

“ராசிக் நானா, மிஸ்ஸுட பங்கு அஞ்சு சேந்திட்டு. இண்டைக்கு இது போதுமா?”

“எனக்கு என்ன பங்கு அக்கா?” என்றேன்.

கரண்டி அந்தரத்தில் நின்றது. ராசிக் நானா வள்ளத்தின் மறுபக்கம் போய் இல்லாத கயிறொன்றைத் தேடத் தொடங்கினார். அக்கா என்னைப் பார்த்தார். பொய் சொல்வோமா என்று ஒரு நொடி யோசித்தது முகத்தில் தெரிந்தது. பிறகு பொத்துக்கொண்டு சிரித்துவிட்டார்.

“பிடிபட்டிட்டம். வாங்க மிஸ், விரலத் தாங்க.”

என் விரலைப் பிடித்து, வழிக்காத ஒரு சினைத் திரளின் மேல் வைத்தார். ஈர ரவைபோல உருண்டது. பிறகு பேசினில் இருந்த ஒன்றின் மேல் வைத்தார். வழுவழுவென்று, காதுச் சோணையைத் தொட்டதுபோல் இருந்தது. அது முட்டை இல்லை. ஒரு பை.

“இப்ப கால்ட நிறத்தப் பாருங்க.”

நீலம். நல்ல நீலம். பெண் நண்டுக்கு அந்த நீலம் வராது.

“இது ஆம்புளயா அக்கா?”

“ஆம்புளதான். இதுக்குப் பேர் கள்ளச் சினை. உள்ள சதை இருக்காது, வாங்குறவன் தொடமாட்டான். எப்பிடியும் எறியிற சாமான். உங்களுக்கு முன்னால எறிஞ்சா உங்களுக்கும் சந்தோஷம், எங்களுக்கும் நட்டமில்ல.”

“ஆறு மாசமாவா?”

“நீங்கதானே மிஸ் ஒரு நாளும் தின்னாத ஆள்.”

வீட்டுக்குப் போய்ப் பழைய புத்தகத்தைத் திறந்தேன். முழுப் பக்கம் இருந்தது. சக்குலினா என்ற ஒட்டுண்ணி. பச்சை மையால் அடிக்கோடு வேறு போட்டிருந்தேன். பரீட்சைக்கு வந்த கேள்வி அது. கையில் வந்தபோதுதான் தெரியவில்லை.

4. பிளாஸ்ரிக் கதிரைகள்

சேர் வர மூன்று நாள் இருந்தது. சங்கக் கட்டடத்தில் எல்லோரையும் கூப்பிட்டேன். ஏச்சு விழும் என்று ஆண்கள் பின்வரிசைக் கதிரைகளில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஜெசிந்தா அக்கா மட்டும் முன்னால்.

நான் ஏசவில்லை. நண்டின் கதையைச் சொன்னேன்.

வள்ளத்தின் அடியில் ஒட்டிப்பிடித்துக் காலைக் கீறுகிற ஓட்டுப் பிராணியின் உறவுக்காரன் இந்த ஒட்டுண்ணி. கண்ணுக்குத் தெரியாத அளவில் நண்டுக்குள் நுழைந்து, உடம்பு முழுவதும் வேர்போலப் பரவும். அதன் பிறகு நண்டு வளராது, குஞ்சும் பெறாது. தின்பது நண்டு, அனுபவிப்பது அது. கடைசியில் வயிற்று மூடிக்குக் கீழே தன் பையை வெளியே தள்ளும். அதற்குள் இருப்பது அதன் முட்டைகள். ஆண் நண்டாக இருந்தால் வயிற்று மூடியைப் பெண்ணுடையதுபோல அகலமாக்கிவிடும். அந்த ஆண் தன் பிள்ளை என்று நினைத்துப் பையைத் துப்புரவாக்கும், தண்ணீர் வீசும், காவல் காக்கும்.

பின்வரிசையில் ஒரு குரல் மெதுவாக எழுந்தது. “மிஸ்... இந்த நண்ட நாங்க திண்டிருக்கம். எங்களுக்கும் அப்பிடி...?”

“மனுசருக்குத் தொத்தாது,” என்றேன்.

“தொத்தினா நல்லம்,” என்றார் ஜெசிந்தா அக்கா. “ஒரு நாளாவது புள்ளயத் தூக்கி வச்சிருப்பானுகள்.”

சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்துவிட்டு மிச்சத்தைச் சொன்னேன். ஒரு பையிலிருந்து ஒரு தடவை அல்ல, திரும்பத் திரும்பக் குஞ்சுகள் வெளியேறும். அவை புது நண்டுகளைத் தேடிப் போகும். கரையில் போட்டால் அது செத்துவிடும். கடலில் விட்டால் பிழைக்கும்.

ராசிக் நானா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார்.

“அப்ப நல்ல சினைய வழிச்சு எறிஞ்சிட்டு, இந்தச் சனியன நாங்களே வளத்துக்கிட்டு இருந்திருக்கம்?”

“ஓம் நானா.”

“ஆறு மாசமா?”

“அதுவும் பிஸ்மில்லாஹ் சொல்லி,” என்றார் ஜெசிந்தா அக்கா. ஆனால் அவரும் சிரிக்கவில்லை. கரண்டி அவருடையதுதானே.

“சேருக்குச் சொல்லப் போறீங்களா மிஸ்?” என்று நானா கேட்டார்.

“ஓம். என்ட பிழைய எழுதி வச்சிருக்கன்.”

“வேல போயிருமா?”

“போகலாம்.”

அவர் தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

5. சேருக்கு ஒரு நண்டு

சேர் வெள்ளைச் சட்டையில், புதுப் பூட்ஸோடு வந்து இறங்கினார். என் கடிதம் கைப்பையில் இருந்தது. அதை எடுக்கப் பையின் ஸிப்பைத் திறந்தேன். அதற்குள் ராசிக் நானா சிவப்பு பேசினோடு குறுக்கே வந்துவிட்டார்.

“சேர், இந்தா சினை நண்டு. பாவம், புள்ளத்தாச்சி. விட்டுரவா?”

சேர் குனிந்து பார்த்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டு இன்னொரு தடவையும் பார்த்தார்.

“அருமையான சினை. உடன விடுங்க, உடன விடுங்க! நஸ்ரியா, ஒரு படம் எடுங்க, நான் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன்.”

வலை கழற்றிய பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் வலைக்குள் எதையோ தேடினார்கள். ஜெசிந்தா அக்காவின் தோள் குலுங்கியது. நான் படம் எடுத்தேன். நீலக் கால்களும் சேரின் சிரிப்பும் அதில் தெளிவாக விழுந்தன. நண்டைக் கடலில் விட நான் விடவில்லை.

“சேர்,” என்றேன், “விரலால ஒருக்காத் தடவிப் பாருங்க.”

தடவினார். சிரிப்பு போனது. நண்டைப் புரட்டினார், காலைப் பார்த்தார், திரும்பவும் தடவினார். நான் கடிதத்தை நீட்டினேன். அவர் நின்றபடியே கடைசி வரிவரை வாசித்தார். அலை வந்து புதுப் பூட்ஸை நனைத்ததையும் கவனிக்கவில்லை.

“ஆறு மாசமும் இதுதானா?”

“எல்லாம் இல்ல சேர். எது எது எண்டு பிரிக்கலாம். ஒவ்வொரு நண்டுட வயித்துக்கும் படம் இருக்கு. பிரிக்க ஜெசிந்தா அக்கா வேணும்.”

அவர் துறையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். என்னை ஏச வாயெடுத்தால் அந்தப் படத்தைப் பற்றியும் பேச வேண்டிவரும். அது அவருக்கும் விளங்கியது, துறைக்கும் விளங்கியது.

“ரிப்போர்ட்ல ஒரு வசனம் போடுங்க,” என்றார் கடைசியில். “அனுபவம் உள்ளவர்களும் எளிதில் பிழையாக அடையாளம் காணக்கூடும் எண்டு.”

“அனுபவம் உள்ளவர்களும்,” என்று ராசிக் நானா பயபக்தியோடு தலையாட்டினார்.

கொன்ட்ரெக்ட் நீண்டது. இந்த முறை போமில் ஒட்டுண்ணிக்கென்று புதிய கட்டம். படங்களை மடிக்கணினியில் போட்டு, நானும் ஜெசிந்தா அக்காவும் நிழலில் இருந்து பிரித்தோம். ஒவ்வொன்றுக்கும் அவருக்கு ஒரு நொடி போதும். “கள்ளன். கள்ளன். அம்மா. கள்ளன். இது சரியில்ல, மிஸ்ஸுட பெருவிரல்தான் தெரியுது.” ரிப்போர்ட்டில் அவர் பெயரும் இருக்கிறது. சும்மா பெயர் போதாது, கரண்டியால் வழிப்பதை விட்டதையும் எழுத வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். அதையும் எழுதினேன்.

இப்போது சிவப்பு பேசினில் சேருகிறவை கடலுக்குப் போவதில்லை, கரை மணலில் குழிக்குள் போகின்றன. நல்ல சினை கடலுக்குப் போகிறது. நான் பார்க்கும் நாளில் எல்லாமே போகிறது. பார்க்காத நாளில் பெரும்பாலும் போகிறது என்று நம்புகிறேன். அதனால் எந்த பஸ்ஸில் வருவேன் என்று யாரிடமும் சொல்வதில்லை.

புதிதாக வருகிறவர்களுக்கு: போமின் முதல் கட்டத்தை முதலில் நிரப்புங்கள். தொட்டுப் பார்க்காமல் ஒன்றையும் எழுதாதீர்கள். உங்களுக்குத் தெரியாதது எது என்று உங்களைவிடத் துறைக்கு நன்றாகத் தெரியும். அதை அவர்கள் பயன்படுத்துவதற்கு முன் நீங்களே கேட்டுவிடுங்கள்.

போன வாரம் ஜெசிந்தா அக்கா என் கண்ணைத் தன் முந்தானையால் கட்டிவிட்டு, பத்து நண்டுகளை ஒவ்வொன்றாக என் விரலுக்குக் கீழே கொண்டுவந்தார். பத்தையும் சரியாகச் சொன்னேன். அவர் முந்தானையை அவிழ்த்து உதறினார்.

“இப்ப பலகையக் கொண்டாங்க மிஸ்,” என்றார். “இனி நீங்க பாடம் எடுக்கலாம்.”