வாலாட்டிபுரத்து நரியும் எங்கள் காளியாயியும்

நோர்வூட்டிலிருந்து மேலே ஏறுகிற பாதையில் இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்தில் காளியாயி பிள்ளைக் காம்பரா ஆயாவாக இருந்தாள். பெண்கள் கொழுந்தெடுக்க மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளையும், பள்ளிக்கூடம் போகிற வயது வராத பிள்ளைகளையும் அவளிடம் விட்டுவிட்டுப் போவார்கள். அவளும் ஒரு காலத்தில் மலைக்குப் போனவள்தான். ஒரு மழைநாளில் தண்ணீர் ஓட வெட்டிய கான் விளிம்பில் வழுக்கி விழுந்ததில் இடது முழங்கால் பிசகி, பிறகு சரியாக மடங்கவேயில்லை. நடக்கச் சிரமப்படுகிறவளுக்கு என்ன வேலை கொடுப்பது என்று ஆபிசில் வெகுநேரம் யோசித்து, முப்பது பிள்ளைகளைத் துரத்திப் பிடிக்கிற வேலையைக் கொடுத்தார்கள்.

துரத்த முடியாததால் அவள் பிள்ளைகளை உட்கார வைக்க வழி தேடினாள். தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்திருந்தாள். ஆறாம் வகுப்பு என்று ஒன்று அங்கே இல்லாததால் படிப்பு முடிந்துவிட்டதாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவள் புருஷன் வீரய்யா கொழுந்தை அரைத்துத் தேயிலையாக்குகிற ஸ்டோரில் வேலை செய்தான். நோர்வூட் சலூனில் முடி வெட்டிக்கொள்ளப் போனபோது, அங்கே கிடந்த சென்னைப் பட்டணத்து வாரப் பத்திரிகை ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தான். அதில் இரண்டு பக்கத்துக்கு ஒரு சித்திரக்கதை இருந்தது. அதைக் காட்டிப் படித்ததும் அத்தனை பிள்ளைகளும் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். அடுத்த வாரம் என்ன நடந்தது என்று பிள்ளைகள் கேட்க, காளியாயி வீரய்யாவைக் கேட்டாள். முடி வெட்டிக்கொள்ளாதவனுக்குப் பழைய பத்திரிகை கொடுப்பதில்லை என்று சலூன்காரர் கண்டிப்பாக இருந்தார். ஆகவே தலைமுடியைப் பற்றி ஒருநாளும் கவலைப்படாத வீரய்யா அந்தக் குளிரில் பாதி மொட்டையோடு அலைந்தான்.

கதையின் பெயர் ‘வாலாட்டிபுரம்’. அந்த ஊரில் எல்லோரும் மிருகங்கள். எல்லோருக்கும் உடுப்பு உண்டு. கரடி பள்ளிக்கூட வாத்தியார், கொக்கு டாக்டர், கழுதை பாகவதர். நரிமுத்து என்கிற நரிதான் ஊரில் எல்லாக் காரியத்துக்கும் முன்னால் நிற்கும். கறுப்புக் கோட்டு, தலைப்பாகை, கக்கத்தில் குடை, பையிலிருந்து தொங்கும் கடிகாரச் சங்கிலி. ஊர்ச் சந்தையில் அது தராசு பிடித்தால் யாருக்கும் தெரியாமல் வாலின் நுனியைப் படிக்கல் தட்டில் வைத்துக்கொள்ளும். முயல் கூடை கூடையாகக் கொண்டுவந்து கொட்டினாலும் எடை காணாது.

மத்தியானம் பால் கொடுக்க வருகிற தாய்மார்களும் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு கேட்டார்கள். அவர்கள்தான் அதை மலைக்குக் கொண்டுபோனவர்கள். ஒருநாள் கொழுந்து நிறுக்கிற இடத்தில், நிறை குறைந்துபோன பூரணி என்கிற பெண், தராசைப் பார்க்காமல் தராசுக்குப் பின்னால் பார்த்து, "வாலை எடுக்கச் சொல்லுங்க" என்றாள். வரிசையில் நின்ற அத்தனை பெண்களும் கூடைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தார்கள். தராசுக்குப் பின்னால் அந்த நேரத்தில் நின்றவர் பெரிய கங்காணி மாயாண்டி. கறுப்புக் கோட்டு, தலைப்பாகை, கக்கத்தில் குடை.

மாயாண்டிக்கு முதலில் விளங்கவில்லை. யாரோ விளக்கினார்கள். விளக்குகிறவர்களுக்கு எங்கள் தோட்டத்தில் என்றைக்கும் குறைவில்லை. அவர் வீட்டுக்குப் போய்க் கண்ணாடிக்கு முன்னால் நின்றுவிட்டு, மனைவி அழகம்மாவைக் கூப்பிட்டு, பத்திரிகையில் வருகிற நரிக்கும் தனக்கும் ஏதாவது சாயல் இருக்கிறதா என்று கேட்டார். அழகம்மாவும் பிள்ளைக் காம்பராவில் படம் பார்த்தவள். பொய் சொல்லத் தெரியாதவள். கோட்டு ஒன்றுதான், ஆனால் நரியின் கோட்டு இஸ்திரி போட்டது என்றாள்.

மறுநாள் கங்காணி கோட்டுப் போடாமல், காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கிற பெரட்டுக்கு வந்தார். நரி சட்டையை மாற்றிவிட்டது என்று பேச்சு எழுந்தது. அதற்கடுத்த நாள் குடையும் இல்லாமல் வந்தார். மழையில் நனைந்து சளி பிடித்து இருமினார். நரி ஊளையிடுகிறது என்றார்கள். நரி செய்யாத காரியம் ஒன்றையாவது செய்துவிடவேண்டும் என்று அவர் பட்டபாடு கொஞ்சமல்ல. கடைசியில் கோட்டை மாட்டிக்கொண்டு, தோட்டத்தை நடத்துகிற துரையிடம் பிராது கொடுக்கப் போனார்.

காளியாயியைக் கூப்பிட்டு ஆபிஸ் வாசலில் விசாரணை நடந்தது. துரைக்குத் தமிழ் தெரியும் என்றுதான் பேர். அவர் படித்த தமிழில் வா, போ, கொண்டா, வெட்டு ஆகியவை மட்டுமே இருந்தன. கேள்வி கேட்கிற தமிழ் அந்தப் புத்தகத்தில் இல்லை. ஆகவே பெரிய கிளாக்கர் ஜெயரத்தினம் மொழிபெயர்த்தார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல ஆங்கிலம் படித்தவர், சித்திரக்கதை படிப்பவர்களை மதிக்காதவர்.

துரை பத்திரிகையை வாங்கி வெகுநேரம் பார்த்தார். நரியைப் பார்த்தார், மாயாண்டியைப் பார்த்தார், மறுபடி நரியைப் பார்த்தார். மீசைக்குக் கீழே அவர் வாய் ஒருமாதிரி கோணிற்று. காளியாயியிடம் அவர் கேட்டதெல்லாம் ஒரே கேள்விதான். இதில் தான் எந்த மிருகம் என்று கேட்டார்.

கிளாக்கர் அதைத் தயங்கித் தயங்கித்தான் மொழிபெயர்த்தார். கங்காணி தரையைப் பார்த்தார். ஆபிஸ் பியோன் எதற்கோ உள்ளே போய்விட்டான். காளியாயி மட்டும் யோசித்துப் பார்த்து உள்ளதைச் சொன்னாள்.

"தொரை இதுல இல்லீங்க. அந்த ஊருல இருக்கிறவங்க ஒருத்தரும் தொரையைப் பாத்ததே இல்லீங்க."

துரையின் முகம் விழுந்துவிட்டது. சிங்கமோ புலியோ ஒன்று வரும் என்று அவர் எதிர்பார்த்திருக்க வேண்டும். தான் இல்லாமலே ஓர் ஊர் நடக்கிறது என்பதை அவரால் பொறுக்க முடியவில்லை. அன்றைக்கே உத்தரவு போட்டார். பிள்ளைக் காம்பராவில் படப் பத்திரிகை வைத்திருக்கக் கூடாது, காரணம், படம் பார்த்தால் பிள்ளைகளுக்குப் பால் செரிப்பதில்லை. உத்தரவைப் பெரட்டில் படித்தார்கள். அதுவரை பத்திரிகையைப் பற்றிக் கேள்விப்படாத தூரத்து டிவிசன் ஆட்களும் அன்றைக்குத்தான் கேள்விப்பட்டார்கள். காளியாயியிடம் இருந்த அத்தனை பிரதிகளையும் கிளாக்கர் வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார். அதற்குப் பிறகு சலூனிலிருந்து வந்தவையும் நேரே அந்த அலமாரிக்கே போயின. சாயங்காலம் ஆபிஸ் மூடிய பிறகும் கிளாக்கருக்கு வேலை இருந்துகொண்டேயிருந்தது.

காளியாயிக்குக் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது. மறுநாள் காலையில் முப்பது பிள்ளைகள் வந்து உட்கார்ந்து அவள் கையைப் பார்த்தார்கள். கையில் ஒன்றுமில்லை. எதையாவது சொல்லியாக வேண்டும். சொல்ல ஆரம்பித்தாள்.

அந்த வாரம் அவள் மனதில் வேறொரு விஷயம் இருந்தது. வீரய்யாவின் இலங்கைப் பிரஜாவுரிமை மனு வருஷக்கணக்காகக் கிடந்து, அப்போதுதான் விசாரணைக்கு வந்திருந்தது. இருவரும் இருக்கிற நல்ல துணியைக் கட்டிக்கொண்டு போனார்கள். வீரய்யா அப்பன் செத்ததற்கு இந்தியாவுக்குப் போய், காய்ச்சலில் விழுந்து, திரும்பி வர ஒரு வருஷத்துக்கு மேலாகியிருந்தது. விசாரித்த உத்தியோகத்தர் மிக மரியாதையானவர். திரும்பி வருகிற எண்ணத்தோடுதான் போனீரா என்று கேட்டார்.

"திரும்பி வந்துட்டேனுங்களே ஐயா" என்றான் வீரய்யா.

உத்தியோகத்தர் பொறுமையாக விளக்கினார். வந்தது வேறு, வருகிற எண்ணம் வேறு. வந்தது கண்ணுக்குத் தெரிகிறது, எண்ணத்துக்கு அத்தாட்சி வேண்டும். வீரய்யாவிடம் எண்ணம் இருந்தது, அத்தாட்சி இல்லை. மனு தள்ளுபடியாயிற்று. பஸ்ஸில் வரும்போது காளியாயி அவன் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். பஸ்ஸில் அப்படிப் பிடிப்பது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை.

அதனால் வாலாட்டிபுரத்துக்கு ஒரு முள்ளம்பன்றி வந்து சேர்ந்தது. கண்ணாடி போட்ட, மிகவும் மரியாதையான முள்ளம்பன்றி. மேசை போட்டு உட்கார்ந்து, ஊரில் இருக்கிற ஒவ்வொருவரும் இந்த ஊர்தானா என்று விசாரித்தது. உன் தாத்தா இந்தப் புதரில்தான் பிறந்தார் என்பதற்கு அத்தாட்சி கொண்டுவா என்று முயலிடம் சொன்னது. முயல் புதரையே பிடுங்கிக்கொண்டு வந்தது. புதரில் கையெழுத்து இல்லையே என்றது முள்ளம்பன்றி. யானை வந்து நின்றது. முள்ளம்பன்றி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நீ இங்கே இருப்பது தெரிகிறது, இருந்தது தெரியவில்லை என்றது.

நரிமுத்து சும்மா இருக்குமா. முள்ளம்பன்றியோடு நான் பேசி முடிக்கிறேன் என்று வீடு வீடாகப் போய், வீட்டுக்கு ஒரு சேவல் வாங்கிக்கொண்டது. ஒருவருக்கும் ஒன்றும் முடிந்துவரவில்லை. நரிவீட்டுக் கூரையில் மட்டும் காலையில் அத்தனை சேவலும் கூவின.

மத்தியானத்தில் பிள்ளைக் காம்பரா கொள்ளாத கூட்டம் வந்தது. பால் கொடுக்க வேண்டியவர்கள் வந்தார்கள். பிள்ளை பெறாதவர்களும் வந்தார்கள். பேரப்பிள்ளை எடுத்தவர்கள்கூடப் பால் கொடுக்கப் போவதாகக் கணக்கப்பிள்ளையிடம் சொல்லிவிட்டு வந்தார்கள். ஏனென்றால் எங்கள் தோட்டத்தில் அநேகமாக எல்லா வீட்டிலும் ஒரு சேவல் குறைந்திருந்தது. மனுக்காரர்களைப் பிரஜாவுரிமை ஆபிசுக்குக் கூட்டிப்போய்ப் பேசி முடித்துத் தருவதாகச் சொல்லி வாங்கிப்போனவர் மாயாண்டிதான்.

கங்காணி ஒருநாள் தானே பிள்ளைக் காம்பராவுக்கு வந்தார். பெண்கள் மலைக்குத் திரும்பிப் போனபின், யாரும் இல்லாத நேரம் பார்த்து வந்தார். பிள்ளைகள் தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். குடையை மடக்கி வாசலில் சாத்திவிட்டு நின்றார். சண்டை போட வந்தவராகத் தெரியவில்லை.

"பட்டணத்துக்காரன் வரைஞ்ச நரிக்கு என்னயத் தெரியாது, காளியாயி. ஒன் நரிக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு."

"நான் புதுசா ஒண்ணும் சொல்லலீங்க. பேப்பர் இல்லாததால, தெரிஞ்சதை வச்சு ஒப்பேத்துறேங்க."

மாயாண்டி பக்கத்துத் தொட்டிலை மெல்ல ஒருமுறை ஆட்டிவிட்டார். பிறகு, வீட்டில் அழகம்மாகூடச் சேவல் கறி சாப்பிட மாட்டேன் என்கிறாள் என்றார்.

"அச்சடிச்ச நரியையே படி, தாயி. நான் தொரைகிட்ட சொல்லி வாங்கித் தர்றேன்."

பிராது கொடுத்தவரே பிராதைத் திரும்ப வாங்குவதைக் கண்டு துரை மகிழ்ந்துபோனார். தொழிலாளரையும் கங்காணியையும் தானே சமாதானப்படுத்தியதாகக் கொழும்புக்கு எழுதினார். பால் செரிக்காத விஷயத்தை யாரும் நினைவுபடுத்தவில்லை. கிளாக்கர் ஜெயரத்தினம்தான் அலமாரியைத் திறக்க மனமில்லாமல் திறந்தார். பத்திரிகைகள் ஓரம் மடிந்து, ஒன்றிரண்டில் தேநீர்க் கோப்பை வைத்த வட்டமும் இருந்தது. கொடுத்துவிட்டு, அடக்க முடியாமல் ஒன்று சொன்னார்.

"நரி கிணத்துக்க விழுந்திட்டுது, கண்டியோ. ஆனால் சாகேல்லை. கழுதைதான் தூக்கி விடுது. நீ பிள்ளையளுக்கு முதலே சொல்லிப்போடாதை."

இத்தனை நாள் கதையைச் சொல்ல ஆளில்லாமல் தவித்த மனுஷன், காளியாயி நடுவழியில் நிற்க, மிச்சக் கதை முழுவதையும் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போனார்.

காளியாயி பத்திரிகையைக் கொண்டுவந்து அச்சில் உள்ளபடியே படித்தாள். கங்காணி கேட்டுக்கொண்டதும் அதுதான். நரி கிணற்றில் விழுந்தது. கழுதை பாட்டுப் பாடிக்கொண்டே தூக்கிவிட்டது. யாரும் சிரிக்கவில்லை. பூரணி எட்டிப் படத்தைப் பார்த்து, முள்ளம்பன்றி எங்கே என்று கேட்டாள். இதில் முள்ளம்பன்றி இல்லை என்றாள் காளியாயி. முயலுக்கு என்ன ஆயிற்று, யானையை ஊரில் வைத்துக்கொண்டார்களா இல்லையா என்று ஆளுக்கு ஆள் கேட்டார்கள். சென்னைப் பட்டணத்தில் வரைகிறவருக்கு அதெல்லாம் தெரியாது என்று அவள் சொல்லிப் பார்த்தாள். அப்படியானால் அந்த ஆள் சரியாக விசாரிக்காமல் வரைகிறான் என்று தீர்மானமாயிற்று. அடுத்த நாள் பாதிப் பேர் வரவில்லை. பிள்ளைகள் எழுந்து ஓட ஆரம்பித்தார்கள்.

மூன்றாம் நாள் காளியாயி பத்திரிகையை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு முள்ளம்பன்றிக் கதையைச் சொன்னாள். அந்த வழியாகப் போன மாயாண்டி கையில் பத்திரிகை இருப்பதைப் பார்த்துவிட்டு நிம்மதியாகப் போனார். அவள் அவருக்காக ஒன்று மட்டும் செய்தாள். சேவல்களைத் திருப்பிக் கொடுத்துவிட நரிமுத்துவுக்கு ஒரு புத்தி வருவதாகக் கதையில் வைத்துப் பார்த்தாள். இரண்டொரு நாளில் சில வீடுகளுக்கு நிஜமாகவே சேவல் திரும்பி வந்தது. எல்லா வீட்டுக்கும் வரவில்லை. சமைத்துவிட்டதை அவரால் என்ன செய்ய முடியும்.

இப்படியே பல வருஷம் நடந்தது. துரைகள் இரண்டு மூன்று பேர் மாறினார்கள். இருக்கிறவர்களில் யார் யாரை எந்த நாடு எடுத்துக்கொள்வது என்று இலங்கை, இந்தியப் பிரதம மந்திரிகள் இருவரும் உட்கார்ந்து பிரித்துக்கொண்ட செய்தி ரேடியோவில் வந்தது. அன்று மத்தியானம் பிள்ளைக் காம்பராவில் கதை கேட்க யாருக்கும் மனமில்லை. வீரய்யாவின் பேர் எந்தப் பக்கத்துக் கணக்கில் வரும் என்று அப்போது யாருக்கும் தெரியாது. பூரணி பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே, ஆத்திரத்தோடு கேட்டாள்.

"அந்த முள்ளம்பன்றியைக் கொன்னு போடுக்கா. ஒன் கதைதானே."

காளியாயி மடங்காத காலை நீட்டி வைத்துக்கொண்டு யோசித்தாள்.

"கொன்னா வேறொண்ணு வந்து மேசையில ஒக்காரும். அதுக்கு மொதல்ல இருந்து எல்லாத்தையும் சொல்லணும். இதுக்காவது நம்ம மொகம் தெரியும்" என்றாள்.

ஸ்டோரில் சங்கு ஊதிற்று. பெண்கள் பிள்ளைகளைத் தொட்டிலில் போட்டுவிட்டு, கூடையை மாட்டிக்கொண்டு மலைக்கு ஏறினார்கள்.