கண்ணைக் கட்டும் வளைவு

மலையில் ஜீப் ஓட்டுகிறவனுக்கு ஏற்றத்தைக் கண்டு பயமில்லை, இறக்கத்தைக் கண்டும் பயமில்லை, இறங்குகிற நேரத்தைக் கண்டுதான் பயம். தொண்ணூற்றாறிலிருந்து இரண்டாயிரத்து ஒன்பது வரை அதுதான் என் பிழைப்பு. விடியலில் கம்பத்தில் ஆட்களை ஏற்றி, மேலே கேரளத்து ஏலத்தோட்டங்களில் விட்டு, சாயங்காலம் திரும்ப இறக்கிக்கொண்டு வருவேன். போகும்போது வண்டி முழுக்கப் பேச்சும் சிரிப்புமாக இருக்கும். வரும்போது அதே ஆட்கள், அதே வண்டி, ஒரு சத்தம் இருக்காது. வளைவுக்கு வளைவு எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் சாயும், அடுத்த வளைவில் எல்லாம் மறுபக்கம் சாயும். கண்ணாடியில் அதைப் பார்த்தால், உயிருள்ள ஆட்களைத்தான் கொண்டுபோகிறேனா என்று சந்தேகம் வரும்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நாலு மணிக்கு மேல் ஆபீஸ் மேசையிலோ தையல் மிஷினிலோ கவிழ்ந்துபோகிற அன்பர்களே, நீங்களும் நானும் ஒரே கூட்டம். என்ன, உங்களுக்கு முன்னால் காகிதமோ துணியோ இருக்கும். எனக்கு முன்னால் பள்ளம் இருந்தது.

யாரும் ஏறாத இடம்

அசதியில் பார்வை மங்கினால் எங்கள் பக்கம் 'கண்ணைக் கட்டுது' என்பார்கள். மந்திரம் போட்டு மறைத்தாலும் அதே சொல்தான். இறக்கத்தின் பாதி வழியில் உள்ள ஒரு கொண்டை ஊசி வளைவுக்கு ஜீப்காரர்கள் 'கண்ணைக் கட்டுற வளைவு' என்று பேர் வைத்திருந்தார்கள். அதில் எந்த அர்த்தம் என்று நான் கேட்டதில்லை.

என் வீட்டுக்காரி காய்ச்சலில் இறந்த வருஷம், மார்கழி மாதம். பனி இறங்கி, ஆறு மணிக்கு முன்பே இருட்டிவிட்டது. அந்த வளைவுக்குக் கொஞ்சம் முன்னால், பாறையை ஒட்டி, பச்சைச் சேலை கட்டிய ஒரு பொம்பளை கையைக் காட்டிக்கொண்டு நின்றாள். இன்னொரு கையில் தூக்குவாளி. பிரேக்கை மிதித்தேன். வண்டி நின்றபோது விளக்கு வெளிச்சத்தில் ஈரமான பாறை மட்டும்தான் இருந்தது. தோட்ட ஆட்களுக்குத் தலைவி மாதிரி இருப்பவள் பேச்சியம்மாள், தினமும் முன் சீட்டில் என் பக்கத்தில் வருகிறவள். அவள் தூக்கம் கலைந்து வெளியே பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். "ஏண்ணே நிப்பாட்டுனீக? இங்கன யாரும் ஏறுறதில்லையே."

மீன்கறியும் மரச்சீனியும்

என் வீட்டுக்காரி இருந்தவரை மத்தியானச் சோறு வீட்டிலிருந்து வரும். கொஞ்சம் சோறு, அதைவிட அதிகமாகக் கீரை, ஏதாவது ஒரு பயறு. அவள் போன பிறகு தோட்டத்து முக்கில் தங்கச்சன் என்ற மலையாளத்துக்காரர் நடத்திய ஓட்டலே கதி. மட்டை அரிசிச் சோறு, அவித்த மரச்சீனிக் கிழங்கு, குடம்புளி போட்ட மீன்கறி. சும்மா சொல்லக்கூடாது, கைமணம் உள்ள மனுஷன். இலை காலியாக இருந்தால் வீட்டு ஞாபகம் வரும் என்று மேலும் மேலும் வாங்கிச் சாப்பிடுவேன். பிறகு ஜீப்பில் காலை நீட்டினால் நாலு மணிக்குத்தான் முழிப்பு. எழுந்ததும் தலை அம்மிக்கல் மாதிரி கனக்கும். அதைத் தெளிய வைக்கச் சீனி அள்ளிப் போட்ட சாயா. மத்தியானத் தூக்கத்தின் பலனாக ராத்திரி வீட்டில் கண் மூடாது. அவள் படுக்கிற பக்கத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன்.

பச்சைச் சேலைக்காரி தினமும் வரவில்லை. ஆனால் அடிக்கடி வந்தாள். முகம் ஒருதடவையும் தெரிந்ததில்லை. வண்டி வருகிற திசைக்குக் கழுத்தை நீட்டிப் பார்க்கிற விதம் மட்டும் எனக்குத் தெரிந்த விதம். என் வீட்டுக்காரி பஸ்ஸுக்கு அப்படித்தான் நிற்பாள். அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை, யோசித்தால் வண்டி ஓட்ட முடியாது. ஒருநாள் மூன்றாம் தடவை சோறு கேட்டபோது தங்கச்சன் கரண்டியைப் பிடித்தபடி என் பக்கத்துக் காலி பெஞ்சைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சேட்டா, இது ஒராளு தின்னுற சோறில்லா. கூட ஆரோ இருந்து தின்னுன்னுண்டு."

கடை அடைத்த நாள்

தங்கச்சன் மகளுக்குக் கல்யாணம் என்று கடையை அடைத்திருந்தார். பசியோடு நின்ற எனக்குப் பேச்சியம்மாள் தன் பாத்திரத்தில் மிஞ்சியிருந்த அவித்த தட்டாம்பயறு ஒரு கை அள்ளிக் கொடுத்தாள். தோட்டத்து வாசலில் இரண்டு பழம் வாங்கினேன். டீ கிடைக்குமா என்று பக்கத்துத் தோட்டம்வரை நடந்து பார்த்தேன், அங்கேயும் கிடைக்கவில்லை. ஊற்றுத் தண்ணீரைக் குடித்துவிட்டுத் திரும்ப நடந்தேன். படுத்துத் தூங்க நேரமே இல்லை.

அன்று இறங்கும்போதும் அதே பனி, அதே பாறை. ஆனால் வளைவு வெறும் வளைவாக இருந்தது. தார் எங்கே முடிகிறது, மண் எங்கே தொடங்குகிறது என்பதெல்லாம் கண்ணுக்குத் துல்லியமாகத் தெரிந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தில் பேச ஆரம்பித்துவிட்டேன். திராட்சை விலை, தேனியில் பார்த்த சர்க்கஸ், சின்ன வயசில் கிணற்றில் விழுந்தது, எல்லாம் பேசினேன். என் வாயிலிருந்து வார்த்தையைப் பிடுங்க வேண்டும் என்று எனக்குப் பேர். பேச்சியம்மாள் மெல்லச் சீட்டின் ஓரத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தாள். "என்னண்ணே, வாய் ஓயாம பேசிட்டு வாரீக? ஒங்க மேல யாரு ஏறியிருக்கா?"

தங்கச்சன் கோபம்

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். மற்றதெல்லாம் டீக்கடையில் கிடக்கும் வாரப் பத்திரிகை படித்துத் தெரிந்துகொண்டது. அதில் பாதியும், தலைசுற்றலுக்குப் போனபோது டாக்டரம்மா சொன்னதில் பாதியும் சேர்த்து நானே ஒரு வழி வைத்துக்கொண்டேன். காலையில் வெறும் வயிற்றோடு வண்டி எடுப்பதில்லை. மத்தியானச் சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தில் பயறும் காய்கறியும் மோரும். சாப்பிட்டதும் ஏலச்செடிகளுக்கு நடுவே ஒரு நடை. கண்ணயர்ந்தால் சும்மா கொஞ்ச நேரம், ஆட்கள் டீக்குக் கூடும் சத்தம் கேட்டதும் எழுந்துவிடுவது. சாயாவில் சீனி பேருக்கு. பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. பழகச் சில வாரம் பிடித்தது. பிறகு சாயங்காலம் உடம்பு லேசானது, ராத்திரித் தூக்கமும் தானாக வந்தது.

பச்சைச் சேலைக்காரி வருவது நின்றுபோனது. நல்லதுதானே என்பீர்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். என் வீட்டுக்காரிக்குத் திவசம் வந்த நாளில் தங்கச்சன் கடை வாசலில் போய் நின்றேன். ஒரே ஒரு நாள், வயிறு முட்ட ஒரு சாப்பாடு, ஒரு தூக்கம். இந்தத் தடவை முகம் தெரியலாம். உள்ளே மீன்கறி கொதிக்கிற வாசனை. தோட்டத்துக்குள் ஆட்கள் யாரோ கூப்பிட்டுச் சிரிக்கிற சத்தம். என்னோடு அவ்வளவு பேரும் அல்லவா அந்த வளைவைத் தாண்ட வேண்டும்? திரும்பி நடந்தேன். தங்கச்சன் பின்னாலிருந்து கத்தினார்: "எண்டெ சோறு தின்னு இதுவரை ஆரும் செத்திட்டில்லா, கேட்டோ!"

செல்வி இறங்கிய கதை

அன்று சாயங்காலமே நடந்தது இது. செல்வி வேலைக்குப் புதுசு, கல்யாணமாகி ராயப்பன்பட்டிப் பக்கமிருந்து வந்த பெண். வண்டியின் கடைசியில் உட்கார்ந்திருந்தாள். எனக்கு நல்ல தெளிவு. வளைவில் வேகத்தைக் குறைத்து, ஆள் நடக்கிற வேகத்தில் திருப்பினேன். பாறையோரம் யாரும் இல்லை. பார்த்து உறுதி செய்துகொண்டேன். அந்த நேரம் பின்னால் ஒரு அலறல்.

செல்வி எழுந்து, பஸ் நிறுத்தத்தில் இறங்குகிற மாதிரி நிதானமாக, பள்ளத்துப் பக்கம் காலை வைத்திருக்கிறாள். யாரோ ஒருத்திக்குத் தற்செயலாக முழிப்புத் தட்டி, முந்தானையைப் பிடித்து இழுத்துவிட்டாள். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது செல்வி கை ஜில்லென்று இருந்தது, உடம்பெல்லாம் வேர்வை. பேச்சியம்மாள் தண்ணீர் கொடுத்து, மடியிலிருந்த வெல்லக்கட்டியை அவள் வாயில் திணித்தாள். பச்சைச் சேலையைப் பற்றி அதுவரை நான் ஒருவரிடமும் வாய் திறந்ததில்லை. செல்வி என் வீட்டுக்காரியைப் பார்த்ததும் இல்லை. நிதானம் வந்ததும் அந்தப் பெண் என்னைப் பார்த்துக் குறையாகச் சொன்னாள்: "பச்சைச் சேலைக்காரம்மா கை காட்டுனாகளேண்ணே. நீங்க நிப்பாட்டலை. அதான் அவுகளுக்கு எடம் விடலாம்னு எறங்குனேன்."

ஊற்றோரம்

நான் ஒருவன் முழித்திருந்தால் போதாது என்று அன்றுதான் உறைத்தது. மறுநாள் பேச்சியம்மாளிடம் விசாரித்தேன். கோழி கூவுமுன் எழுந்து வீட்டுக்குச் சமைக்கிறார்கள். பத்து மணிக்குத் தோட்டத்தில் சாப்பாடு. அதற்குப் பிறகு இறங்கும்வரை பாலில்லாத கட்டஞ்சாயா மட்டும். தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. ஏன் என்றதற்கு, "குடிச்சா ஒதுங்க எடம் நீங்க காட்டுவீகளா?" என்று கேட்டாள். இறக்கம் தொடங்குமுன் ஓர் ஊற்று இருக்கிறது, பக்கத்தில் அடர்ந்த புதர். அங்கே தினமும் வண்டியை நிறுத்தி, நான் ரோட்டின் அடுத்த பக்கம் போய் நின்றுகொள்வதாகச் சொன்னேன். ஆளுக்கொரு நாள் கொள்ளோ கடலையோ அவித்துக் கொண்டுவருவது என்று முடிவானது. "வீட்டுல போயி ஒலை வைக்கணும், இங்கன விருந்தா?" என்று முதல் வாரம் முழுக்கத் திட்டு வாங்கினேன். திட்டியபடியே தின்றார்கள்.

கொஞ்ச நாளில் கண்ணாடியில் தலைகள் சாய்வது நின்றது. முதல்தடவையாக அவர்கள் கீழே பள்ளத்தாக்கில் விளக்கெரிவதைப் பார்த்து, எது யார் ஊர் என்று சண்டை போட்டார்கள். "ஏ ஆத்தா, தெனம் இந்த ரோட்டுலயா வந்தோம்?" என்றாள் செல்வி. அமைதியாக வந்த வண்டியில் காது வலிக்கிற கூச்சல். ஆனால் அந்த வளைவு வந்ததும், யாரும் சொல்லாமலே அத்தனை வாயும் மூடிக்கொள்ளும், தாண்டியதும் விட்ட இடத்திலிருந்து தொடங்கும். எதற்கு இது என்று ஒருநாள் கேட்டேன். பேச்சியம்மாள் குரலைத் தணித்துச் சொன்னாள்: "நாம போறது அவுகளுக்குத் தெரியும்ணே. நாம பேசுறதும் கேக்கணுமாக்கும்?"

ராசுவின் வண்டி

ராசு எங்கள் பாதையில் இன்னொரு ஜீப் ஓட்டியவன். சோறு தின்றால் தூக்கம் வரும் என்று மத்தியானம் ஒன்றுமே சாப்பிட மாட்டான். பீடி, டீ, மறுபடி பீடி. ஊற்றோரம் எங்களைத் தாண்டும்போதெல்லாம் ஹாரன் அடித்து, "சுண்டல் வண்டி!" என்று கத்துவான். ஒருநாள் சாரல் மழையில் அப்படிக் கத்திவிட்டுப் போனவனை வளைவில் பார்த்தோம். வண்டி ரோட்டுக்குக் குறுக்கே நின்றது. முன் சக்கரம் ஒன்று தாரை விட்டு இறங்கி, மண்ணில் ஒரு கல்லில் முட்டியிருந்தது. இஞ்சின் ஓடுகிறது, விளக்கு பள்ளத்தைப் பார்த்து எரிகிறது, உள்ளே அத்தனை பேரும் தூக்கத்தில்.

ராசு தூங்கவில்லை. கண் திறந்திருந்தது, இமைக்கவில்லை. நின்ற வண்டியின் ஸ்டியரிங்கை மெல்ல இடதும் வலதுமாகத் திருப்பி ஓட்டிக்கொண்டிருந்தான். நான் கையை விட்டுச் சாவியைத் திருகினேன். சத்தம் நின்ற பிறகும் அவன் கை நிற்கவில்லை. பேச்சியம்மாள் ஒவ்வொருத்தியாகத் தொட்டெழுப்பி, சத்தமில்லாமல் மலைப்பக்கமாக இறக்கினாள். கடைசி ஆள் இறங்கிய பிறகு ராசுவை இழுத்து ரோட்டில் உட்கார வைத்தோம். தண்ணீர், வெல்லம், ஒரு கை கடலை. மெல்ல மெல்ல அவன் தாடை அசைந்தது. முகத்தில் களை வந்தது. எதிரே கீழே கம்பத்து விளக்குகள் மழையில் மினுங்கின. அவன் அதைப் பார்த்துவிட்டு, என் கையைப் பிடித்து, உண்மையான வருத்தத்தோடு சொன்னான்: "நிப்பாட்டிட்டியேப்பா. வீடு வந்துருச்சே, இன்னும் பத்தடிதான இருந்துச்சு."

சாயங்காலம் தெம்பாக இருக்க நினைக்கிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: அளவாகச் சாப்பிடுங்கள், தண்ணீர் குடியுங்கள், கொஞ்சம் நடங்கள், ஆனால் அதற்கப்புறம் யாரையெல்லாம் பார்க்க முடியாமல் போகும் என்பதை முதலிலேயே ஒருதடவை யோசித்துக்கொள்ளுங்கள்.