ஏற்காட்டு ரோட்டில் ஓடிய குதிரை

லாசர் சேலத்தில் ஜட்கா ஓட்டிப் பிழைத்தவன். குடிக்க மாட்டான், சீட்டாட மாட்டான். பொறாமை ஒன்றுதான் தன் புருஷனிடம் இருந்த கெட்ட பழக்கம் என்று இன்னாசிமேரி சொல்வாள். அதுவும் ஒரு குதிரையால் வந்தது.

அந்தப் பெட்டைக் குதிரையை அவன் கொண்டப்பநாயக்கன்பட்டிக் குழந்தைவேலிடம் வாங்கினான். அவரும் ஜட்கா ஓட்டியவர்தான். முழங்கால் விட்டுப்போனதால் வண்டியில் ஏறி இறங்க முடியவில்லை. குட்டியிலிருந்து வளர்த்ததைக் கொடுத்துவிட்டு, அங்கேயே ஏற்காட்டு மலைப்பாதை அடிவாரத்தில் புல்லும் கொள்ளும் விற்க உட்கார்ந்துவிட்டார். அவர் வைத்த பெயர் செவலை. லாசர் அதை ராணி என்று மாற்றினான். யாராவது பழைய பெயரைச் சொன்னால் அவன் முகம் கடுத்துவிடும்.

“அந்தப் பேரெல்லாம் அங்கயே முடிஞ்சு போச்சு” என்பான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்தாம் வருஷத் தீபாவளி. விடிவதற்குள் தெருவில் ஓலைவெடி கிளம்பிவிட்டது. ராணி முளைக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது. கயிறு இழுபட ஏற்காட்டு ரோட்டில் போனதைப் பார்த்ததாகப் பால்காரர் சொன்னார். லாசர் பாதி ஓட்டமும் பாதி நடையுமாகப் போனான். எங்கே போயிருக்கும் என்று அதற்குமேல் யாரையும் கேட்கவில்லை. அது அவனுக்குத் தெரியும். தெரிந்ததுதான் எரிந்தது.

நினைத்தபடியே குழந்தைவேலின் கொட்டகையில் ராணி நின்றுகொண்டிருந்தது. காதுகளில் பஞ்சு, கண்ணுக்குமேல் ஈரத்துணி. முகத்தை அவர் தோளில் சாய்த்திருந்தது. புல் விலை, பெய்யாத மழை, மருமகள் வைத்த குழம்பு என்று அவர் வாய்க்கு வந்ததையெல்லாம் அதனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். எங்கோ ஒரு வெடி வெடித்தது. குதிரையின் தோல் ஒருமுறை சிலிர்த்து அடங்கியது.

லாசரின் தோளில் அது ஒருநாளும் முகம் வைத்ததில்லை.

“வா தம்பி. பயந்துக்கிட்டு வந்திருச்சு, வேறொண்ணுமில்ல” என்றார் குழந்தைவேல்.

“என்ன மருந்து போட்டு வச்சிருக்கீங்கண்ணா அதுக்கு?”

“மருந்தா? வேட்டுச் சத்தம் கேட்டா கூடவே நிப்பேன். அவ்வளவுதான்.”

லாசர் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் கயிற்றை வாங்கிக்கொண்டு திரும்பினான். வழிநெடுக ராணி நின்று நின்று பின்னால் பார்த்தது.

“பாரு, நல்லாப் பாரு” என்று பல்லைக் கடித்தான்.

அதன்பின் சில நாள் அதற்குக் கொள்ளு வைத்ததெல்லாம் இன்னாசிமேரிதான்.

“ஏனுங்க, குதிரைகிட்டப் போய் யாராச்சும் கோவிச்சுக்குவாங்களா?”

“திங்கறது எங்கூட்ல. மனசு அங்க கெடக்குது.”

“எம்மேலகூட நீங்க இத்தனை பொறாமைப்பட்டதில்லீங்க” என்று அவள் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை.

கோடையில் மாதா கோயில் திருவிழா வந்தது. சப்பரம் புறப்படும்போது பெரிய பெரிய வேட்டாகப் போடுவார்கள். ராணியைக் கொண்டுபோய்ப் பெரியவரிடம் விட்டுவரும்படி இன்னாசிமேரி முந்தின நாளே சொன்னாள்.

“முடியாது. இந்தத் தடவை நான் நிக்கிறேன்.”

வருஷா வருஷம் சப்பரம் தூக்குகிறவன், அன்று சாயங்காலம் போகவில்லை. லாயத்து ஜன்னலில் நனைத்த சாக்கைத் தொங்கவிட்டான். கனமாக வைக்கோல் பரப்பினான். பஞ்சு வைத்தான், துணி கட்டினான். புல் விலையைப் பற்றிக்கூடப் பேசிப் பார்த்தான். முதல் வேட்டு அதிர்ந்ததும் ராணி உதைத்த உதையில் மரத்தடுப்பு பிளந்தது. “நில்லுடி!” என்று லாசர் கத்தினான். கயிற்றை இழுத்துப் பிடித்தான். அவன் இழுக்க இழுக்க அது இன்னும் மிரண்டது. வாயில் நுரை தள்ளியது.

அப்போது வாசலில் தடி ஊன்றும் சத்தம் கேட்டது. குழந்தைவேல் வியர்த்து விறுவிறுத்து நின்றிருந்தார்.

“இன்னைக்குத் திருவிழான்னு தெரியும். மனசு கேக்கல, வந்துட்டேன்.”

லாசர் வாசலை அடைத்துக்கொண்டு நின்றான். “உங்கள யாருங்க கூப்பிட்டது?”

அவர் பதில் சொல்வதற்குள் அடுத்த வேட்டு. ராணி சுவரில் மோதிச் சரிந்த சத்தம் கேட்டது. லாசர் ஒதுங்கி வழிவிட்டான்.

வெளியே வந்து நின்றுகொண்டான். உள்ளே “செவலை, ஏ செவலை” என்று மெதுவாகக் கேட்டது. மூன்றாவது வேட்டுக்கு லாயத்துக்குள்ளிருந்து ஒரு சத்தமும் இல்லை. அந்த அமைதி லாசருக்கு வேட்டைவிடக் கொடுமையாக இருந்தது.

அதிலிருந்து தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் முந்தின நாளே அவன் ராணியைக் கொண்டப்பநாயக்கன்பட்டிக்குக் கொண்டுபோய் விட்டான். விட்டுவிட்டுத் திரும்பிப் பாராமல் வருவான். கூட்டிவரப் போனால் ஏதாவது ஒரு குற்றம் கண்டுபிடிப்பான். “கொள்ளு அள்ளிக் கொட்டியிருக்கீங்க, வயித்தப் பாருங்க” என்பான். “காலப் பாருங்க, கொளம்பு தேஞ்சிருக்குது” என்பான். குழந்தைவேல் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார்.

இப்படிச் சில வருஷம் போனது. ஒரு தீபாவளி முடிந்து அவன் கூட்டிவரப் போனபோது, ராணி கொட்டகையில் அவர் கையிலிருந்து புல் தின்றுகொண்டிருந்தது. வேலிக்கு வெளியே லாசர் இருமினான். அது சட்டென்று தலையைத் தூக்கிக் கனைத்தது. புல்லை விட்டுவிட்டுக் கயிறு விறைக்க அவன் பக்கம் இழுத்தது. குழந்தைவேல் புல்லை நீட்டியபடியே நின்றார். அவர் முகம் சுருங்கிப் போனது.

அந்த முகத்தை லாசர் நன்றாகப் பார்த்துக்கொண்டான். அன்றைக்குக் கொள்ளைப் பற்றியும் குளம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் கொடுத்த மோரைக்கூட வாங்கிக் குடித்தான்.

வீட்டுக்கு வந்ததும் இன்னாசிமேரி கேட்டாள்: “பெரியவரு எப்படி இருக்காருங்க?”

“பாவம்” என்றான் லாசர். சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு, ராணிக்குத் தண்ணீர் எடுக்கப் போனான்.