தீர்த்தத்தில் அலசிய லென்ஸ்

வேப்பிலையும் பச்சைக் கற்பூரமும் கலந்த வாசனை எங்கிருந்து வந்தாலும் என் வலது கண் தானாக மூடிக்கொள்ளும். அந்தக் கண் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

தியாகதுருகத்தில் நான் கல்யாணப் போட்டோ எடுப்பவன். வயது நாற்பத்தேழு. சிறுவயதிலிருந்தே சோடாபுட்டிக் கண்ணாடி. கேமராவில் கண் வைத்தால் அது இடிக்கும். அதனால் பத்து வருடமாகக் கான்டாக்ட் லென்ஸ். வலது கண்தான் எனக்குச் சோறு.

போன வருடம் வைகாசியில் கல்வராயன் மலையில் ஒரு கல்யாணம். எங்கள் குலதெய்வம் மாரியம்மன் கோயில் வாசலில் தாலிகட்டு. மேளத்துக்கு ஆடியவர்கள் கிளப்பிய புழுதியெல்லாம் என் கண்ணில். லென்ஸ் உறுத்தியது. அதைக் கழுவும் மருந்துத் தண்ணீரை வீட்டில் விட்டு வந்திருந்தேன். முகூர்த்தமோ நெருங்கிவிட்டது. பூசாரி அண்ணன் வேப்பிலையும் பச்சைக் கற்பூரமும் மணக்கும் தீர்த்தம் கொடுத்தார். பாதியைக் குடித்தேன். மீதியில் லென்ஸை அலசி மாட்டிக்கொண்டேன். அம்மன் மேனியில் வழிந்த தண்ணீர், இதைவிடச் சுத்தம் ஏது? லென்ஸைக் கழற்றாமலே வேனில் தூங்கியபடி ஊர் திரும்பினேன்.

சில நாளில் கண் சிவந்தது. ஊசியால் தைப்பது போல வலி. வெளிச்சம் பட்டால் துடித்தேன். கள்ளக்குறிச்சியில் கண் டாக்டரம்மா கொடுத்த சொட்டு மருந்து மூன்று வாரமாகியும் கேட்கவில்லை. கருவிழியில் வெள்ளை படர்ந்தது. அந்தக் கண்ணுக்கு என் மனைவி செல்வியின் முகம் பனியில் நின்றது.

"லென்ஸ்ல இன்னா தண்ணி பட்டுதுங்க?" போகும்போதெல்லாம் டாக்டரம்மா கேட்பார்.

"ஒண்ணும் படலங்க."

பொய். தீர்த்தம் என்று சொன்னால் அம்மன்மேல் பழி போட்டதாகாதா?

செல்விக்கு மட்டும் தெரியும். "கண்ணு போனாலும் பரவால்ல, ஆத்தா பேரு கெடக்கூடாதாக்கும்? ஆத்தா உன்ன வக்கீலா வெச்சிகினாளாய்யா?"

ஒரு வெள்ளிக்கிழமை காலை, ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். தாயே, என் கண் போகிறது. உன் பேரைக் காப்பாற்ற நான் யார்? நீ பார்த்துக்கொள். அவ்வளவுதான் வேண்டினேன். உள்ளே கூப்பிட்டதும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

டாக்டரம்மா திட்டவில்லை. கருவிழியில் துளி சுரண்டிப் பரிசோதனைக்கு அனுப்பினார். தண்ணீரில் வாழும் அமீபா என்று வந்தது. மருந்தை மாற்றினார்.

"கண்ணு இமைக்க இமைக்க கண்ணீர் கழுவிக்கினே இருக்குங்க. கிருமியக் கொல்ற சத்தும் அதுலயே இருக்கு. லென்ஸ் போட்டா அடியில கண்ணீர் சரியா பொரளாது, காத்தும் கம்மி. தூங்கினா இன்னும் மோசம். மேல்தோல்ல சின்னக் கீறல் வுழுந்தாப் போதும், கிருமி குடியேறிடும். ஊத்துத் தண்ணியோ கொழாத்தண்ணியோ, எதுவும் லென்ஸுக்கு ஆகாது."

பிறந்த நாளிலிருந்து அம்மன் என் கண்ணுக்குள் காவல் வைத்திருந்தாள். நான்தான் அதன் வழியை அடைத்தேன்.

மணிக்கொரு சொட்டு. செல்வி போனில் அலாரம் வைத்து ஊற்றினாள். பல மாதம் ஆயிற்று. வெள்ளை சுருங்கி ஓரத்தில் ஒரு தழும்பாக நின்றது. பார்வை திரும்பியது. தாயே, உனக்கு எப்படி நன்றி சொல்வேன்! இப்போது மறுபடியும் சோடாபுட்டிதான். கேமராவில் இடித்தால் இடிக்கட்டும்.

உங்களுக்கும் சொல்கிறேன். நம்பிக் கேளுங்கள், அவள் கேட்பாள். கேட்ட அதே வாயால் வைத்தியரிடம் உண்மையையும் சொல்லுங்கள். எனக்கு அவள் செய்த உதவி அந்த வாயைத் திறந்ததுதான்.

இந்தச் சித்திரையில் நானும் செல்வியும் மலையேறிப் பொங்கல் வைத்தோம். பூசாரி அண்ணனிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். "குடிக்கக் குடுத்தா கண்ணுல ஊத்திக்கினியா? நல்ல ஆளுய்யா நீ!" மூவரும் சிரித்தோம். சிரித்ததில் என் கண் நனைந்தது.

வேன் கிளம்பியது. அவர் கோயில் படியில் நின்று கையை உயர்த்தினார்.

"தம்பி, இடது கண்ண மூடு! நான் தெரியறனா?"

"தெரியறீங்கண்ணா!"

"அப்ப சரி. போயிட்டு வா."